ஹீலியத்துக்கு ஆளு இருக்கு

அப்பு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நம் வீட்டு நிலைமையில் அப்படி எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். உன் அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நானும் அப்படியே. சாரல் ஆரம்பித்துவிட்டது. போடிமெட்டுப் பக்கம் மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபடி மூடிக்கிடக்கிறது.

சித்திரையில் வந்துவிட்டுத் திரும்பும்போது, விமான நிலையத்திலிருந்து போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். "இனிமே நான் வந்து என்னப்பா ஆகப்போகுது? அம்மாவுக்கு நான் யாருன்னே தெரியல. வந்தா எனக்கும் கஷ்டம், அவங்களுக்கும் கஷ்டம்." அதற்கு நான் பதில் போடவில்லை. ஏலக்காயை நிறம் பார்த்துத் தரம் பிரித்தே காலம் தள்ளியவனுக்கு, மனசில் இருப்பதைக் கட்டை விரலால் தட்டி அனுப்ப வராது. பேசலாம் என்றாலோ நாம் இருவரும் பேசும் லட்சணம் உனக்கே தெரியும். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே பனியா, பனிதான். அதற்குமேல் உனக்கும் சோலி இருக்கும், எனக்கும் இருமல் வந்துவிடும்.

அப்போது என்னிடம் பதில் இல்லை என்பதுதான் உண்மை. இப்போது இருக்கிறது. அம்மாவிடம் படித்தவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். டீச்சரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். என் மகனுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது, அதையே எழுதித் தருகிறேன், போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆகவே நீ இதைப் படிக்கும்போது ஊரே உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படிக்கும். கோபித்துக்கொள்ளாதே. அவள் ஊருக்கே டீச்சராக இருந்தவள்தானே.

உன் அம்மா குரங்கணி போகிற வழியில் இருக்கும் அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். பாதிப் பிள்ளைகளின் தாய்தகப்பன் மலைக்கு மேல் ஏலத்தோட்டத்தில் இருப்பார்கள். விடியுமுன் ஜீப்பு ஏறிப் போகிறவர்களும் உண்டு, வாரக்கணக்கில் மேலேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அணு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு தடவை என்னிடமிருந்து நல்ல பச்சைக் காயாக ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனாள். வகுப்பில் முன்னால் நின்று மூடியைத் திறப்பாளாம். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காற்றில் பறந்து வந்து மூக்கில் ஏறுவதுதான் வாசனை, யாருக்கு வாசனை வருகிறதோ அவர்கள் கையைத் தூக்க வேண்டும், முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுவரை கைகள் ஒவ்வொன்றாக எழும், துகள் நடந்து போவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். திட்டமெல்லாம் பிரமாதம். திறந்தாள். ஒரு கையும் எழவில்லை. பிறந்ததிலிருந்து ஏலக்காய் வாசனையிலேயே கிடக்கிற பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? மலையிலிருந்து வந்த ஒருத்தி, "டப்பாவத் தொறந்துட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்து அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கருவாடு கொண்டு போ என்று நான்தான் யோசனை சொன்னேன். மறுநாள் கடைசி பெஞ்சுவரை கை எழுந்தது. தலைமையாசிரியரும் எழுந்து வந்துவிட்டார்.

வருகைப் பதிவும் அவள் வகுப்பில் வேறு மாதிரிதான். வருடம் தொடங்கியதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிமத்தின் பெயரைக் கொடுத்துவிடுவாள். அந்த வருடம் முழுக்க அந்தப் பிள்ளை அந்தத் தனிமம். அதை யார், எங்கே, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லக் கூடாது, அது எங்கே கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். சோடியம் என்றால் "உப்பு டீச்சர்". இரும்பு என்றால் "ரத்தம் டீச்சர்". பாஸ்பரஸ் வாங்கின பையன் பாவம். தங்கம் எடுக்கலாம் என்று நினைத்து ஒருவர் வாளி வாளியாக மூத்திரத்தைக் காய்ச்சியதில் கிடைத்தது அது என்று அம்மா சொல்லிவிட்டாள், அவன் எழுந்து பதில் சொல்லும்போதெல்லாம் வகுப்பு உருண்டு புரண்டு சிரிக்கும். நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்காகப் பொட்டிபுரம் மலையைக் குடையப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, கடைத்தெருவில் அணு என்று சொன்னாலே ஆட்கள் மிரண்டுபோன காலத்தில், அது நம்ம பாடத்துல வர்ற அணுவா டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டார்களாம். நீயும் அணுதான், உன் சட்டைப் பொத்தானும் அணுதான், பயமாக இருந்தால் பயப்படு, ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் பயப்படு என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த வருகைப் பதிவு மட்டும்தான் இப்போது அவளிடம் மிஞ்சியிருக்கிறது. மறதி வந்து என் பெயர் போயிற்று, அடுப்படி போயிற்று, சேலை கட்டுவது போயிற்று. ஆனால் காலையில் சாப்பிட்டு முடித்ததும் முன்னறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்ச்சுவரைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். ஒரு பெயர், கொஞ்ச நேரம் காத்திருப்பு, அடுத்த பெயர். பதில் வராவிட்டாலும் அவளுக்கு என்னவோ கேட்கும் போலிருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன். என்ன பெயர், எத்தனை பெயர் என்று காதில் வாங்கியதே இல்லை. ஏலக்காய் வாசனை தெரியாத பிள்ளைகளைச் சொல்லிச் சிரித்தேனே, நானும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ வந்த அன்று அவள் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பையை வாசலில் போட்டுவிட்டு நீ நேராகப் போய் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாய். உன்னை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஹீலியம்" என்றாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான்தாம்மா, ஒங்க மகன்" என்றாய். அவள் குரலை உயர்த்தி மறுபடியும், "ஹீலியம்" என்றாள். நீ திரும்பத் திரும்ப உன் பெயரைச் சொன்னாய். அவள் கையை உருவிக்கொண்டாள். "வரல போலிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். நீ எழுந்து பின்கட்டுக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். உன்னைத்தானே அப்பு எட்டாம் வகுப்பில் ஹீலியம் என்று கூப்பிட்டாள், உன்னை நினைவிருக்கிறது போல என்று சொல்லிப் பார்த்தேன். "இல்லப்பா. தனிமத்துல மொதல்ல ஹைட்ரஜன், ரெண்டாவது ஹீலியம். வரிசையா ஒப்பிக்கிறாங்க. எதுத்தாப்புல எவன் ஒக்காந்திருந்தாலும் அதான் வரும்" என்றாய். படித்த பிள்ளை சொல்கிறது, நான் என்னத்தைக் கண்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் இருந்த நாட்களில் காலை வேளையில் நீ முன்னறைப் பக்கமே வரவில்லை.

அந்தப் பெயரின்மேல் உனக்குப் பழைய கோபமும் இருந்தது என்று எனக்குத் தெரியும். நீ அவள் வகுப்பில் உட்கார்ந்த வருடம், உனக்கு ஹீலியம் என்று அவள் சொன்னதும், எவனோ ஒருவன் புத்தகத்தைப் பார்த்து அது எதனோடும் சேராத வாயு என்று கண்டுபிடித்துவிட்டான். நீயோ சிறுவயதிலிருந்தே ஒதுங்கி இருக்கிற பிள்ளை. பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும், பட்டப்பெயராக்கிவிட்டார்கள். அன்று நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டு, பெற்ற அம்மாவே என்னை யாரோடும் சேராதவன் என்று சொல்லிவிட்டாள் என்று என்னிடம் அழுதாய். அவளிடம் அன்றே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்து விஷயத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கடைக்குப் போய்விட்டேன். பிறகு நீ கனடாவுக்குக் கிளம்புகிற அன்று, அவள் டப்பாவில் ஏலக்காய் போட்டுக்கொண்டிருந்தபோது, அடிக்கடி வந்து போய் இரு என்றாள். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்: "நான் ஹீலியந்தானம்மா. அது மேல போயிட்டா திரும்பாதுன்னு நீங்கதான வகுப்புல சொன்னீங்க." டப்பாவின் மூடியை மூடினாள். மூடிய பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலர் விஷயமாக வந்தவர்களில் முத்துலட்சுமி என்று ஒருத்தி. மேலே தோட்டத்தில் வேலை செய்தவர்களின் மகள், இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். நீ பிறப்பதற்கு முன்பே அம்மாவிடம் படித்தவள். அவள் வந்த நேரம் அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம். லித்தியம் என்றதும் முத்துலட்சுமி சட்டென்று எழுந்து நின்று, "பாறை டீச்சர்" என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உட்கார் என்று கையைக் காட்டினாள். முத்துலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"சார், டீச்சர் ஹீலியம் கூப்புடுறாங்க?" என்றாள்.

ஆமாம், வரிசையில் இரண்டாவது அதுதானாம், என் மகன் சொன்னான் என்றேன்.

"வரிசையில இருக்கும் சார். ஆனா டீச்சர் கூப்புட மாட்டாங்க. எங்க வகுப்புல அது யாருக்குமே குடுக்கல. ஹைட்ரஜன் முடிஞ்சா நேரா நான்தான். எனக்கு அதக் குடுங்க டீச்சர்னு ஒருத்தி எந்திரிச்சுக் கேட்டா. ஒக்காரு, அதுக்கு ஆளு இருக்குன்னுட்டாங்க."

எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இன்னும் ஓரிருவரைக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்று, உனக்கு முன்னால் படித்து இப்போது போடிமெட்டு ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிற நம் பாஸ்பரஸைக் கேட்டேன். எங்கள் வகுப்பிலும் ஹீலியம் கிடையாது என்றான். உனக்குப் பிறகு படித்த ஒரு பெண் மருந்துக்கடையில் நிற்கிறாள், அவளையும் கேட்டேன். அவர்கள் கேட்டபோதும் டீச்சர் தரவில்லையாம். அவர்களிடம் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். "அதுக்கு ஆளு இருக்கு. வெளியூரு போயிருக்கான்."

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் எனக்கு அந்த பஸ்சு ஞாபகம் வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். அதன் வலி உனக்குத் தெரிய நியாயமில்லை. விசேஷ வீடுகளில் வளையல் அடுக்கும்போது அவளை மட்டும் தாண்டிப் போவார்கள். மதுரையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். பெரிதாக நம்பிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அந்த அம்மா தன்மையாகத்தான் சொன்னார்கள். திரும்பும்போது பஸ்சில் சரியான கூட்டம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து, அவளை உட்காரவைத்துவிட்டு நான் டீ வாங்கப் போனேன். வந்து பார்த்தால், என் துண்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஆளு இருக்கு, ஆளு இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்து கிடந்தன.

உசிலம்பட்டி தாண்டியதும் திடீரென்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். ஒரு முழுச் சூரிய கிரகணத்தன்று, நம் நாட்டில் ஆந்திரா பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து சூரியனின் ஒளியைக் கண்ணாடி வைத்துப் பிரித்துப் பார்த்தார்களாம். அதில் பூமியில் இருக்கிற எந்தப் பொருளுக்கும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்ததாம். அங்கே என்னவோ புதிதாக ஒன்று இருக்கிறது என்று சொல்லி, கிரேக்க மொழியில் சூரியனுக்கு உள்ள பெயரை ஒட்டி அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இல்லாததற்குப் பெயரா என்று பலபேர் சிரித்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, யாரோ ஒரு கல்லை அமிலத்தில் போட்டபோது அதே மஞ்சள் கோடு இங்கேயே கிடைத்தது. இதையெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அன்று மனசு சரியில்லை. இல்லாததுக்குப் பேரு வெச்சு என்னத்துக்கு ஆகப்போகுது என்று எரிந்து விழுந்தேன்.

"இல்லாததுக்கு இல்லங்க. இன்னும் கைக்கு வராததுக்கு" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. நான் கண்ணை மூடித் தூங்குவது போல இருந்துவிட்டேன். அவள் மறுபடி பள்ளிக்குப் போய், வருகைப் பதிவில் உனக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வருடா வருடம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், வருடா வருடம் ஆளு இருக்கு என்று சொல்லியிருக்கிறாள். பிறகு நீ பிறந்தாய், வளர்ந்தாய், ஒருநாள் எட்டாம் வகுப்பில் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாய். அன்றுதான் முதல்முறையாக அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். அது யாரோடும் சேராது என்பதை அவள் நினைத்திருக்கவே மாட்டாள், அப்பு. நீ அழுதபிறகு ஏன் விளக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் உன்னை மகனாக நடத்தக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வீட்டில் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாள். நாம் எல்லோரும் அப்படித்தானே இருக்கிறோம். அங்கே உன் மகளுக்கு நீ வைத்த பெயரை ஏன் வைத்தாய் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாயா? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லிவிடு. நாக்கில் வார்த்தை இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆக, நீ சொன்ன வரிசைக் கணக்கு தப்பு. உன் அம்மாவின் வரிசையில் ஹீலியம் கிடையவே கிடையாது. நீ வாசலில் வந்து நின்ற அன்று, உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அதைச் சேர்த்தாள். மகன் என்ற சொல் அவளிடம் இல்லை, உன் பெயரும் இல்லை. இருந்ததிலேயே உனக்கென்று வைத்திருந்ததை எடுத்து உன்னைக் கூப்பிட்டாள். நீ பதில் சொல்லவில்லை. உன்மேல் குற்றமில்லை, அப்பு. எனக்கே இப்போதுதான் தெரியும்.

இதைக் கடிதமாக எழுதாமல் போனில் சொல்லி உன்னை வரவழைத்திருக்கலாமே என்று தோன்றும். சொன்னால் நம்ப மாட்டாய், அப்பா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்பாய். அதனால்தான் சாட்சிகளோடு எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் அவளிடம் படித்தவர்கள் யாராவது இருந்தால் உனக்கே எழுதட்டும், யாருக்காவது ஹீலியம் கிடைத்ததா என்று.

ஆனால் மலர் அச்சாகி வருகிறவரை காத்திருக்காதே. கையெழுத்துப் பிரதியைப் படம் எடுத்து முத்துலட்சுமியின் மகன் உனக்கு அனுப்புவான். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அம்மாவின் வரிசை குறைந்துகொண்டே வருகிறது. நீ போன பிறகு கால்சியம் போயிற்று, இரும்பு போயிற்று. போன வாரம் லித்தியமும் போயிற்று. முத்துலட்சுமி எதிரில் உட்கார்ந்து தன் பெயர் வரும் வரும் என்று பார்த்திருந்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள். இப்போது ஹைட்ரஜன், அதற்கப்புறம் ஹீலியம். அதோடு நிறுத்திவிடுகிறாள். நீ வந்த அன்று 'வரல போலிருக்கு' என்று தாண்டிப் போனவள், இப்போது தாண்டிப் போவதே இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவரை அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அவள் வாசலைப் பார்த்தபோது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு, "சூரியன் டீச்சர்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபமில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் பேசுவது போலத்தான் பேசினாள்.

"நீங்க ஒக்காருங்க. அதுக்கு ஆளு இருக்கு."

வெரசா வந்துரு, அப்பு.

உன் அப்பா